ரெட் சிண்ட்ரோம்: வலிப்பையும் இதயத் துடிப்பையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

என் மகளுக்கு ரெட் சிண்ட்ரோம்; பேச்சையும் கைப் பயன்பாட்டையும் பறிக்கிற, பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருகிற மரபணு நோய். இது நடந்தபோது அவளுக்கு நாலு வயது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் வேகவேகமாக மூச்சிரைத்தாள், பிறகு மூச்சே விடவில்லை. உதடு நீலமானது. கண்கள் மேலே செருகின. கைகள் மட்டும் நெஞ்சருகே இறுகிப் பிசைந்துகொண்டே இருந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 38 விநாடி. அப்புறம் ஒரு பெருமூச்சு; எதுவுமே நடக்காத மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அதை 'ஃபிட்ஸ்' என்று எழுதி மருந்தைக் கூட்டினார்கள். மூச்சு அடங்குவது குறையவில்லை. பிள்ளை பகலெல்லாம் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். பல மாதம் கழித்து வீடியோ ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூச்சு அடங்கும் நேரத்தில் மூளையில் வலிப்பு அலையே இல்லை. ஆனால் 'அசதியாக இருக்கிறாள்' என்று நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று, அதாவது கண் இடது பக்கம் திரும்பி, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு முக்கால் நிமிடம் அசையாமல் இருப்பது, அதுதான் வலிப்பு. அதே பதிவின் ஓரத்தில் ஓடிய இதயத் துடிப்புக் கோட்டைப் பார்த்த மருத்துவர், "இதயத்துக்குத் தனியாக ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்" என்றார். அதுவரை எங்களுக்கு அப்படிச் சொன்னவர் யாருமில்லை.

உங்கள் பெண்ணுக்கு இப்போதுதான் ரெட் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் நாங்கள் சுற்றிவந்த பாதையை நீங்கள் சுற்ற வேண்டாம். மூளையை ஒரு மருத்துவர் பார்ப்பார், இதயத்தை இன்னொருவர் பார்ப்பார், வயிற்றுக்கு வேறொருவர் எழுதித் தருவார். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எந்த மருந்தைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர் முடிவு. நான் சொல்வது அவர் முன்னால் எதைக் கொண்டுபோய் வைப்பது என்பதை.

முதலில் கொஞ்சம் பின்னணி

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஆண்ட்ரியாஸ் ரெட், தன் கிளினிக்கில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்ததைக் கவனித்தார். 1966-இல் அதைப் பற்றி எழுதினார். உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1983-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஹாக்பெர்க் தன் சகாக்களோடு 35 சிறுமிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் பரவியது. 1999-இல் ஹுடா சோக்பியின் ஆய்வுக்கூடம் காரணத்தைக் கண்டுபிடித்தது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.ஈ.சி.பி.2 என்ற மரபணுவில் பிழை. ஏறக்குறைய 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கும் வரலாம், ஆனால் மிக அரிது. கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களிலும் இது புதிதாக ஏற்பட்ட பிழைதான். கர்ப்ப காலத்தில் அம்மா செய்த எதனாலும் வந்ததில்லை.

இந்த மரபணு மூளை முழுவதும் வேலை செய்கிறது. நாம் நினைக்காமலே நடக்கிற மூச்சு, துடிப்பு, ரத்த ஓட்டம், குடல் அசைவு எல்லாவற்றையும் நடத்துகிற நரம்புப் பகுதியும் அதில் அடக்கம். அதனால்தான் மூச்சு தாறுமாறாகிறது, பாதம் சில்லிட்டு ஊதா நிறமாகிறது, வலிப்பு வருகிறது, இதயத்தின் மின்னோட்டத்திலும் கோளாறு வருகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இதயத்தின் அமைப்பில் ஓட்டையோ வால்வுக் கோளாறோ இருப்பதில்லை. அதனால் எக்கோ ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் பாதிக் கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் நரம்பு மண்டலத்தில் மட்டும் இந்த மரபணுவை நீக்கினார்கள். இதயத்தைத் தொடவேயில்லை. அப்படியும் ஈ.சி.ஜி.யில் கோளாறு தெரிந்தது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 100 பேரில் 60 முதல் 80 பேருக்கு ஏதோ ஒரு வயதில் வலிப்பு வருகிறது. ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு ஈ.சி.ஜி.யில் 'க்யூ.டி.' என்கிற இடைவெளி (அது என்ன என்று படி 3-இல் சொல்கிறேன்) நீண்டிருக்கிறது. ரெட் சிண்ட்ரோம் உள்ளவர்களின் இறப்புகளில் ஏறத்தாழ கால் பங்கு திடீரென்று நேர்பவை. அவற்றில் சிலவற்றுக்கு இதயத் துடிப்புக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பயமாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டி வாழ்கிறவர்களும் நிறையப் பேர். ஈ.சி.ஜி. என்பது ஊசிகூடக் குத்தாத பத்து நிமிடச் சோதனை. பயத்தை அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: நோட்டும் கேமராவும்

ஒரு நோட்டு போதும். நாள், நேரம், எத்தனை விநாடி, விழித்திருந்தாளா தூங்கினாளா, அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பின் எப்படி இருந்தாள். இவ்வளவுதான். 'ஃபிட்ஸ் வந்தது' என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். 'வலது கை இழுத்தது, கண் வலது பக்கம் போனது, 50 விநாடி, பிறகு அரை மணி நேரம் தூங்கினாள்.' பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. நாம் பெயர் வைத்துவிட்டால் அவர் அந்தப் பெயருக்குத்தான் மருந்து தருவார். எங்களுக்கு நடந்தது அதுதான்.

வீடியோ எடுக்கும்போது முகம், இரண்டு கைகள், நெஞ்சு மூன்றும் தெரிய வேண்டும். பதறிப்போய் முகத்தை மட்டும் எடுத்தால் மூச்சு ஓடுகிறதா என்பது தெரியாது. போர்வையை விலக்குங்கள், விளக்கைப் போடுங்கள். எடுத்துக்கொண்டே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். அவள் திரும்புகிறாளா என்பது அந்தப் பதிவிலேயே வந்துவிடும். முடிந்த உடனே நிறுத்தாமல் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். மீண்டு வருகிற விதத்தில் பாதி விடை இருக்கிறது. ஒன்று மட்டும்: அவள் சாய்ந்து விழுகிற நிலையில் இருந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவளைப் பிடியுங்கள்.

படி 2: எது எது என்று பிரித்துப் பார்ப்பது

இதுதான் கஷ்டமான பகுதி. பல வருட அனுபவமுள்ள பெற்றோரும் தவறுகிறார்கள், மருத்துவர்களும் தவறுகிறார்கள். வீடியோ ஈ.ஈ.ஜி. வைத்துச் சோதித்த ஆய்வுகளில் இரண்டு விதத் தவறும் வெளிப்பட்டிருக்கிறது: பெற்றோர் வலிப்பு என்று காட்டிய பல நிகழ்வுகள் வலிப்பே இல்லை, நிஜ வலிப்பு சில, யார் கண்ணிலும் படவில்லை.

மூச்சுக் கோளாறு பெரும்பாலும் விழித்திருக்கும்போது வரும். வேகமாக இரைப்பாள், பிறகு அடக்குவாள். சில பிள்ளைகள் காற்றை விழுங்கி வயிறு பந்து மாதிரி உப்பிவிடும். உணர்ச்சி வசப்பட்டால் கூடும், சந்தோஷத்திலும்கூட. தூங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட நேரம் இரைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மடங்கி விறைக்கும், பார்வை மங்கிப்போகும். பார்ப்பவருக்கு அச்சு அசல் வலிப்பு.

அடுத்தது, காரணமில்லாமல் வெறித்துப் பார்ப்பது, திடீர்ச் சிரிப்பு, அலறல், உடல் முறுக்கிக்கொள்வது. இவற்றில் பல வலிப்பு அல்ல. தொட்டாலோ, பிடித்த பாட்டைப் போட்டாலோ கலைந்தால் வலிப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அலறலுக்குப் பின்னால் நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், பித்தப்பைக் கல், ஏன், கவனிக்காமல் போன எலும்பு முறிவுகூட இருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு எலும்பு பலவீனம். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, கண்ணால் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். பத்து விநாடி, இருபது விநாடி ஆகும், காத்திருங்கள்.

வலிப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். கூப்பிட்டாலும் தொட்டாலும் கலையாது. தூக்கத்திலும் வரும். முடிந்ததும் சோர்வு, தூக்கம், சில சமயம் ஒரு பக்கம் பலவீனம். பொதுவாக 2 வயதுக்கு முன் வலிப்பு தொடங்குவது குறைவு. பிறந்த சில வாரங்களிலோ முதல் சில மாதங்களிலோ தொடங்கியிருந்தால், சி.டி.கே.எல்.5 என்ற வேறொரு மரபணுவைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஒரு காலத்தில் அதையும் ரெட் வகை என்றே வைத்திருந்தார்கள். இன்று அது தனி நோய்.

நான்காவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: இதயத்தால் வருகிற மயக்கம். நன்றாக இருந்தவள் திடீரென்று துவண்டு விழுவாள், முகம் வெளிறும். மூளைக்கு ரத்தம் போகாததால் கையும் காலும் ஓரிரு முறை வெட்டி இழுக்கும். பிறகு சட்டென்று விழித்துக்கொள்வாள், நீண்ட தூக்கமெல்லாம் இருக்காது. திடுக்கிட்டபோதோ, உடலை வருத்தியபோதோ, அழுகையின் உச்சத்திலோ வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். நீண்ட க்யூ.டி. உள்ள குழந்தைகள் பலர், ரெட் இல்லாதவர்கள்கூட, 'ஃபிட்ஸ்' என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு நிகழ்வு ஒரே ஒரு முறை வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், "ஈ.சி.ஜி. எடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 3: ஈ.சி.ஜி. எடுப்பதும் அதைப் படிப்பதும்

நோய் உறுதியான உடனே ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. வலிப்பு இல்லாவிட்டாலும், பார்க்க நன்றாக இருந்தாலும் இதுதான் கணக்கு. முதல் ஈ.சி.ஜி. சரியாக வந்த பிள்ளைக்கும் சில வருடம் கழித்து மாற்றம் வரலாம். அதனால் 'ஒரு தடவை எடுத்தாயிற்று' என்று விட்டுவிட முடியாது. க்யூ.டி.யை நீட்டக்கூடிய மருந்து புதிதாகத் தொடங்கும் முன் ஒன்று, தொடங்கிய பின் ஒன்று.

கை சும்மா இருக்காத பிள்ளைக்கு ஈ.சி.ஜி. எடுப்பது ஒரு கலை. கோடெல்லாம் நடுங்கி மலைத்தொடர் மாதிரி வரும். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் அளக்க முடியாது. நாங்கள் செய்வது இது: என்ன நடக்கப்போகிறது என்பதை அவளிடமே முதலில் சொல்லிவிடுவோம். அவளுக்குப் புரிகிறது, பேச்சுத்தான் இல்லை. ஸ்டிக்கர்களை மணிக்கட்டில் ஒட்டாமல் தோளுக்குப் பக்கத்திலும், கணுக்காலில் ஒட்டாமல் இடுப்புக்குக் கீழேயும் ஒட்டச் சொல்லிக் கேட்போம். இடம் மாற்றியதை டெக்னீஷியன் தாளில் குறித்துவிடுவார். அப்பா ஒரு கையை, நான் ஒரு கையை, இறுக்காமல் ஏந்திக்கொள்வோம். பிடித்த பாட்டு ஓடும். மூச்சிரைப்பு நின்று சாதாரணமாக இருக்கும் ஒரு அரை நிமிடம் எப்படியும் கிடைக்கும். தூங்கும்போது எடுக்க முடிந்தால் அதைவிட நல்லது.

இப்போது தாளைப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லி விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கூரான முள் மாதிரி எழும்பும், அதற்குப் பின்னால் மழுங்கிய ஒரு சின்ன மேடு வரும். முள் தொடங்குகிற இடத்திலிருந்து அந்த மேடு முடிகிற இடம் வரை உள்ள தூரம்தான் க்யூ.டி. இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தொடங்கி, அடுத்த துடிப்புக்கு மறுபடி சார்ஜ் ஆகி முடிய எடுக்கும் நேரம் அது. சார்ஜ் ஆவது தாமதமானால், அரைகுறையாக இருக்கும் நேரத்தில் அடுத்த துடிப்பு வந்து மோதி, துடிப்பு முறுக்கிக்கொண்டு தாறுமாறாக ஓடும் ஆபத்து உண்டு. டோர்சாட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

துடிப்பு வேகமாக இருந்தால் க்யூ.டி. தானாகவே சுருங்கும் என்பதால் ஒரு திருத்தக் கணக்கு இருக்கிறது: க்யூ.டி.யை, இரண்டு முள்ளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். க்யூ.டி. ஒன்பதரை சின்னக் கட்டம், அதாவது 380 மில்லி விநாடி. முள்ளுக்கும் முள்ளுக்கும் 16 சின்னக் கட்டம், அதாவது 0.64 விநாடி. 0.64-இன் வர்க்கமூலம் 0.8. 380-ஐ 0.8-ஆல் வகுத்தால் 475. வெறும் 380 என்று பார்த்தால் சாதாரணம். திருத்திய பிறகு அது இதய மருத்துவர் பார்க்க வேண்டிய எண். இந்தத் திருத்திய எண்ணைத்தான் க்யூ.டி.சி. என்று தாளில் அச்சடிக்கிறார்கள்.

பொதுவாக 440-க்குள் இருந்தால் நிம்மதி. 460-ஐத் தாண்டினால் குழந்தைகளுக்கான இதய மருத்துவரைப் பாருங்கள். இடையில் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். 500-ஐத் தொட்டால் அன்றே பேச வேண்டும். ஒரு எச்சரிக்கை: மெஷின் அச்சடிக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கை ஆட்டமும் மூச்சிரைப்பும் மெஷினை ஏமாற்றும். அழுது துடிப்பு 140-இல் ஓடும்போது எடுத்தால் இந்தக் கணக்கே எண்ணைக் கூட்டிக் காட்டும். "கையால் அளந்தீர்களா, டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஸ்கேலை எடுப்பார்.

வந்த எண்ணையும் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தாளை நகலெடுத்தும் வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் நாளடைவில் வெளுத்துப்போகும்.

சந்தேகம் இருந்தால் 24 மணி நேர ஹோல்டர் பதிவு (உடம்பில் மாட்டிய சின்னப் பெட்டி நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்வது) வைப்பார்கள். ஒயர்களை அவள் பிய்க்காமல் இருக்க, பனியனை மேலே போட்டு, பெட்டியை முதுகுப் பக்கம் கட்டுங்கள். அன்று ஒவ்வொரு மூச்சு அடங்கலுக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பதிவோடு ஒப்பிட்டால் அந்த நேரத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பது தெரியும்.

படி 4: க்யூ.டி. நீளம் என்று சொல்லிவிட்டால்

உடனே உலகம் இடிந்துவிடாது. முதலில் ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் பார்ப்பார்கள். மருந்துப் பட்டியலைச் சலிப்பார்கள். எண், மயக்க வரலாறு, வலிப்பு எல்லாவற்றையும் வைத்து, இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தைத் தொடங்கலாம். ப்ரோப்ரானலால் அதில் ஒன்று. அது கொடுக்கும்போது பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி, காய்ச்சல் நாட்களில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லுங்கள். மிக அரிதாகச் சிலருக்கு இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவியை உடலுக்குள் பொருத்த வேண்டி வரும்.

படி 5: மருந்து அட்டை

என்னைக் கேட்டால் மொத்தக் கட்டுரையிலும் இதுதான் முக்கியம். க்யூ.டி.யை நீட்டும் மருந்துகள் ஏதோ அபூர்வமான மருந்துகள் இல்லை. சளி, வாந்தி, அரிப்பு என்று சாதாரணமாக எழுதித் தருகிறவைதான்:

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம், வாந்திக்கு ஒண்டான்செட்ரான், டொம்பெரிடோன், பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல், அரிப்புக்கு ஹைட்ராக்சிசின், மலேரியாவுக்கு குளோரோகுயின், மனநலத்துக்கு எழுதும் ஹாலோபெரிடால், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின்.

பட்டியல் இதோடு முடிவதில்லை, மாறிக்கொண்டும் இருக்கும். கிரெடிபிள் மெட்ஸ் என்ற தளம் இந்த மருந்துகளை ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்தித் தொடர்ந்து வெளியிடுகிறது. மருத்துவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

டொம்பெரிடோனைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ரெட் பிள்ளைகளில் பலருக்கு எதுக்களிப்பு இருக்கும். வயிற்று மருத்துவர் இதை எழுதுவார். அதே வாரம் சளிக்கு ஒருவர் அசித்ரோமைசின் எழுதுவார். இருவருமே தவறு செய்யவில்லை, ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து அவள் உடம்புக்குள் போகும். கூடவே வயிற்றுப்போக்கும் வந்து பொட்டாசியம் இறங்கினால் மூன்றாவது அடி. அவசரம் என்றால் மருத்துவர் இந்த மருந்துகளையும் கொடுக்கத்தான் செய்வார், தெரிந்து, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு கொடுப்பார். அதற்குத்தான் அட்டை.

உள்ளங்கை அளவு அட்டையில், பெயர், எடை, 'ரெட் சிண்ட்ரோம், க்யூ.டி. நீளும் ஆபத்து', கடைசி க்யூ.டி.சி. எண், தேதி, இப்போது சாப்பிடும் மருந்துகள், தவிர்க்க வேண்டியவை. மருந்துக்கடையிலும் நீட்டுங்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும் பிள்ளைக்கும் இந்த அட்டை வேண்டும்.

ட்ரோஃபினடைட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ரெட்டுக்கென்றே அமெரிக்காவில் 2023 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. 2 வயதுக்கு மேல் கொடுக்கலாம். அதன் முக்கியப் பக்கவிளைவு வயிற்றுப்போக்கு. அதைச் சாப்பிடும் பிள்ளைக்கு நீரும் உப்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்வது இதயத்துக்காகவும்தான்.

படி 6: ஈ.ஈ.ஜி.யும் வலிப்பு மருந்தும்

ரெட் பிள்ளைகளின் ஈ.ஈ.ஜி., வலிப்பே வராதவர்களுக்கும் பெரும்பாலும் கோளாறாகத்தான் இருக்கும். எனவே 'ஈ.ஈ.ஜி. சரியில்லை' என்ற ஒரே காரணத்துக்காக மருந்து தொடங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள். நாம் பார்க்கிற அந்த நிகழ்வு, பதிவு ஓடும்போதே வந்து மாட்ட வேண்டும். அதற்குத்தான் மணிக்கணக்கில் எடுக்கும் வீடியோ ஈ.ஈ.ஜி. இதயத் துடிப்புக் கோட்டையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தூங்க வைக்க சிரப் கொடுப்பதாக இருந்தால் அட்டையைக் காட்டுங்கள்.

வலிப்பு மருந்துகளில் ரெட்டுக்கென்று ஒரு மந்திர மருந்து கிடையாது. எல்லாவற்றிலும் ஒரு கவனம் தேவை. வால்ப்ரோயேட் நீண்ட நாள் கொடுத்தால் எலும்பு முறிவு ஆபத்து கூடுவதாக ரெட் பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும், வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் இன்னும் மெல்ல. தோலில் தடிப்பு வந்தால் உடனே போன் செய்யுங்கள். டோப்பிரமேட்டில் வியர்வை குறையும், சிறுநீரகக் கல் வரலாம். லெவெட்டிரசிட்டாமில் சில பிள்ளைகள் எரிச்சலாகிவிடுவார்கள். லாகோசமைட், கார்பமசெபின் போன்றவை இதயத்துக்குள் மின்னோட்டம் கடக்கும் வேகத்தைத் தொடக்கூடியவை என்பதால் பழைய ஈ.சி.ஜி. கையில் இருப்பது நல்லது. கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவு முறைக்குப் போனால் செலினியம் அளவையும் ஈ.சி.ஜி.யையும் கண்காணிப்பார்கள்.

மேலே சொன்ன எலி ஆய்வில், சோடியம் ஓட்டத்தை அடைக்கும் ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்து துடிப்புக் கோளாறைத் தடுத்தது, பீட்டா பிளாக்கர் தடுக்கவில்லை. படித்ததும் நானும் குதித்தேன். எங்கள் மருத்துவர், "எலிக்கு நல்லது. உங்கள் பெண்ணுக்கு முதலில் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததைத் தேடுவோம்" என்று சிரித்தார். சரிதான்.

எந்த வலிப்பு மருந்தையும் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது பாட்டிலை மறந்துவிட்டுப் போவதுகூட நிறுத்துவதுதான்.

படி 7: வலிப்பு வந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து: கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலோ மூக்கிலோ விடும் மிடாசோலம், அல்லது ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் டயசிபாம். ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள். இந்த மருந்துகள் மூச்சை மந்தமாக்கலாம். ஏற்கெனவே மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளை என்பதால் கொடுத்த பிறகு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் முறையாக வருகிற வலிப்பு, அடுத்தடுத்து நினைவு திரும்பாமல் வருவது, நீருக்குள் நடந்தது, மூச்சு சரியாகத் திரும்பாதது, இவற்றுக்கெல்லாம் 5 நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஃபெனிடோயின் ஏற்றினால் மெதுவாக, துடிப்பு மானிட்டர் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். க்யூ.டி. விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

துவண்டு விழுந்தவள் அசைவில்லாமல், மூச்சு விடாமல் கிடந்தால், அது வலிப்பா இல்லையா என்று யோசிக்கிற நேரம் அதுவல்ல. நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. துடிப்பு மீட்கும் ஏ.ஈ.டி. கருவி பக்கத்தில் இருந்தால் யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். அது பேசி வழிகாட்டும், தேவையில்லாமல் ஷாக் கொடுக்காது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பொம்மையில் அழுத்திப் பழகும் பயிற்சிக்கு வீட்டில் குறைந்தது இரண்டு பேர் போய் வாருங்கள். நான் முதல் முறை அழுத்தியபோது பயிற்சியாளர், "இது தடவிக் கொடுப்பது" என்றார். அவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது.

படி 8: ஆபரேஷன், பள்ளி, இரவு

முதுகெலும்பு வளைவுக்கோ பல்லுக்கோ மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், புது ஈ.சி.ஜி. ஒன்று எடுத்து மயக்க மருத்துவரிடம் நேரடியாகக் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவிலேயே மயக்கம் ஆழமாகிவிடலாம், தெளியவும் நேரம் ஆகும். பட்டினி இருக்கச் சொன்னால் வலிப்பு மருந்தை என்ன செய்வது என்று முந்தைய நாளே கேளுங்கள். பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீரோடு கொடுத்துவிடச் சொல்வார்கள்.

இரவில் என்ன செய்வது என்று ஒவ்வொரு குடும்பமும் வேறு வேறு முடிவு எடுக்கிறது. சிலர் அறையில் சத்தம் கேட்கும் மானிட்டர் வைக்கிறார்கள், சிலர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவி. கை பிசைகிற பிள்ளைக்குக் கால் விரலில் மாட்டினால் கழன்றுவிடாமல் நிற்கும். எங்கள் வீட்டில் கருவி பொய்யாக அலறி அலறி யாருமே தூங்காமல் போனதால் எடுத்துவிட்டு, அவள் கட்டிலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். வலிப்பு அடிக்கடி தூக்கத்தில் வருகிற பிள்ளை என்றால் உங்கள் நரம்பு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பள்ளிக்கு மூன்று வீடியோக்களைக் காட்டுங்கள்: இது மூச்சு அடங்கல், பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும், இது வலிப்பு, நேரம் பாருங்கள், இது அவள் சும்மா யோசிக்கிறாள். மூன்றாவது வீடியோவைப் பார்த்து ஆசிரியை சிரித்துவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு தேவையில்லாமல் எனக்கு வந்த போன் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. பையின் முன் ஜிப்பில் அட்டை, அவசர மருந்து, எப்போது எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாள். அவசர மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள், அட்டையைத் திருத்துங்கள். அப்போதே மருந்தின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.